ஹிஸ்டெரிசிஸ்: ‘பின்னடைவு’ வேண்டாம், ‘தயக்கம்’ போதும்

காந்தமாக்கிய இரும்பு, காந்தப்புலத்தை விலக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாததை ஆங்கிலத்தில் ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். அதற்கு மின்னியல் மொழிபெயர்ப்புகளில் ‘காந்தப் பின்னடைவு’ மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. தேர்தலில் தோற்ற கட்சிக்குப் பின்னடைவு என்கிறோம், சரி. இரும்புக்கு என்ன பின்னடைவு?

ஹிஸ்டெரிசிஸ், ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் டோக்கியோவில் பேராசிரியராக இருந்தபோது, 1880களின் தொடக்கத்தில், கிரேக்கத்திலிருந்து ஆக்கிய சொல். பின்தங்குதல், குறைபடுதல் என்று பொருள். பின்னடைவுக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த வேரைத்தான். ஆனால் வேரை மட்டும் பெயர்த்து வைத்தால் போதுமா, நடப்பதைப் பார்க்க வேண்டாமா?

ஓர் எஃகுத் தண்டைக் கம்பிச்சுருளுக்குள் வைத்து மின்சாரம் செலுத்துங்கள். உள்ளே தாறுமாறாகக் கிடந்த டொமைன்கள், அதாவது குட்டிக் காந்தப் பகுதிகள், ஒரே திசைக்குத் திரும்பும். மின்சாரத்தை நிறுத்தினாலும் தண்டு காந்தமாகவே இருக்கும். இப்படி எஞ்சி நிற்பது தேக்குத்திறன். அதைச் சுழியாக்க மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்த வேண்டும். அதற்குத் தேவையான எதிர்ப்புலத்தின், அதாவது எதிர்த்திசைக் காந்தப்புலத்தின், அளவு காந்த நீக்குத்திறன்.

பின்னடைவு என்றதும் படிப்பவர் மனதில் தாமதம்தான் வரும். கொஞ்சம் பொறுத்தால் இரும்பு பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைப்பார். வராது. மின்சாரத்தை எவ்வளவு மெதுவாகக் குறைத்தாலும், ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அது பழைய வழியில் திரும்பாது. டொமைன்களுக்கு நடுவே உள்ள எல்லைச் சுவர்கள் மாசுகளிலும் படிக விளிம்புகளிலும் சிக்கிக் கிடக்கின்றன. பிரச்சினை நேரம் அல்ல, பிடிப்பு.

பாடநூல்களில் உள்ள ‘காந்தத் தயக்கம்’ இதைச் சரியாகச் சொல்கிறது. தயங்குகிறவரும் கடைசியில் கிளம்பிவிடுவாரே என்று சிலர் மறுக்கிறார்கள். யாராவது தள்ளினால்தான் கிளம்புவார். இங்கே தள்ளுவது எதிர்ப்புலம். சங்கப் பாடல்களில் தயங்குதலுக்கு அசைதல், ஒளிர்தல் என்ற பொருளும் உண்டு. அதைக் காட்டி இன்றைய பொருளைத் தள்ளுவதும் சரியல்ல. தயக்கம் வினையாகவும் இயல்பாக நிற்கும்: இரும்பு தயங்குகிறது. ‘இரும்பு பின்னடைகிறது’ என்று யார் சொல்வார்கள்?

அப்புறம் அந்தத் தயக்கக் கண்ணி: புலத்தைக் கூட்டிக் குறைத்து, திசை மாற்றி, இரும்பின் காந்தத்தை வரைந்தால் போன வழியில் திரும்பாமல் வளையமாக மூடும் வரைபடம். அதன் பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் வெப்பமாக வீணாகும் ஆற்றல். நம் மின்மாற்றிகளில் நொடிக்கு 50 சுற்று. அதனால்தான் கம்பிச்சுருள்களுக்கு நடுவே உள்ள உள்ளகத்துக்குக் கண்ணி ஒடுங்கிய சிலிக்கான் எஃகு. நிலைக்காந்தத்துக்கோ அகன்ற கண்ணி வேண்டும். அகராதியை மட்டும் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தால் ‘பின்னடைவு இழப்பு’ என்று எழுதியிருக்க மாட்டார்கள்.