எழுப்புதல் முடிந்தபின் ஆலய அறையைத் திறந்து பாருங்கள்

சபை ஆவிக்குரிய உயிர்ப்போடு எழும்ப வேண்டும், அதாவது எழுப்புதல் வேண்டும் என்றதும், வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் 8-ஆம் அதிகாரத்தைத்தான் எடுக்கிறோம். ஏழாம் மாதம் முதல் தேதி, எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன், விடியற்காலந்தொடங்கி மத்தியானம்வரை வேதபாரகன் எஸ்றா வேதத்தை வாசிக்கிறார், ஆலயப் பணி செய்யும் லேவியர் அர்த்தஞ்சொல்கிறார்கள், ஜனங்கள் அழுகிறார்கள். ஆனால் 10-ஐயும் 13-ஐயும் வாசிக்காமல் எந்தக் கமிட்டியும் எழுப்புதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்கக் கூடாது.

10-இல் அழுகை உடன்படிக்கையாகிறது. எழுதி முத்திரை போடுகிறார்கள். ஆலயப் பணிக்கு வருஷந்தோறும் ஒரு சேக்கல் வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கு. பலிபீடத்து விறகை எந்தக் குடும்பம் எப்போது கொண்டுவருவது என்பதையும் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். விறகுவரை இறங்கி வராத தீர்மானம் நிற்காது.

இவ்வளவு செய்தும் சரிந்தது. பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் 32-ஆம் வருஷம், யூதாவின் அதிபதியாயிருந்த நெகேமியா ராஜாவிடம் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், காணிக்கையும் தூபவர்க்கமும் தசமபாகமும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வைக்கும் பெரிய ஆலய அறையில், எருசலேம் அலங்கத்தைக் கட்டவிடாமல் எதிர்த்த அம்மோனியனாகிய தொபியாவின் வீட்டுச் சாமான்கள்! அறைகளுக்குப் பொறுப்பான ஆசாரியன் எலியாசிப் அவனுக்குச் சம்பந்தி முறை. லேவியருக்குப் பங்கு போய்ச் சேரவில்லை; அவர்கள் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். உபதேசம் மாறிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே கெட்டது உறவுக்காகக் கொடுத்த ஓர் அறையும் கொடுக்காமல் விட்ட சம்பளமும்.

நெகேமியா செய்த வரிசை முக்கியம். சாமான்களை வெளியே எறிந்தார், அறைகளைச் சுத்திகரிக்கச் சொன்னார், ஆலயப் பணிமுட்டுகளை, அதாவது பாத்திரங்களை, திரும்ப வைத்தார். பிறகு தலைவர்களைக் கடிந்துகொண்டார். லேவியரைக் கடிந்துகொள்ளவில்லை, கூட்டிவந்து அவரவர் நிலையில் நிறுத்தினார். அதற்கு அப்புறம்தான் தசமபாகம் வருகிறது (13:12). நம் சபைகளிலோ, காணிக்கை கூடட்டும், உபதேசியாரின் சம்பளப் பாக்கியைத் தீர்ப்போம் என்கிறோம். கடைசியாக, லேவியருக்கும் மற்றவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க நான்கு பேர்: ஆசாரியன் செலேமியா, வேதபாரகன் சாதோக், லேவியன் பெதாயா, கூடவே ஆனான். தகுதியாகச் சொல்லப்படுவது ஒன்றே, உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள்.

ஆகவே கூட்டம் முடிந்த வாரமே கமிட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டியவை: ஆலயக் கட்டடங்களின் சாவி யாரிடம், எந்த அறையை யார் எந்தத் தீர்மானத்தின்படி பயன்படுத்துகிறார்கள், ஊழியர் சம்பளம் எத்தனை மாதம் பாக்கி. காணிக்கையை ஒரே வீட்டைச் சேராத மூன்று பேர் அன்றைக்கே எண்ணிக் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்டட்டும். போதகர் மாற்றலாகிப் போனால் இவற்றை யார் தொடர்வார் என்பதையும் அதே கமிட்டி மினிட்டில் (கூட்டக் குறிப்பில்) பெயரோடு எழுதிவிடுங்கள்.