டிவியில் வீடியோ திக்குகிறதா? ரூட்டரைத் திட்டுவதற்கு முன்

கம்ப்யூட்டரையும் டிவியையும் இணைத்துக் கொடுப்பது என் வேலை. வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற 60 ஃபிரேம் வீடியோ (நொடிக்கு 60 தனிப் படங்கள்), டிவிக்குப் போனதும் திக்குகிறது. பந்து குதித்துக் குதித்துப் போகிறது, கேமரா பக்கவாட்டில் திரும்பினால் படம் வெட்டி வெட்டி நகர்கிறது. என்னைக் கூப்பிடுவதற்குள் சிலர் புது ரூட்டரே வாங்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை.

நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் டிவிக்கு அனுப்புவது திரையையா, வீடியோ ஃபைலையா?

கேபிள் இல்லாமல் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிராகாஸ்ட் மாதிரி வழிகளிலும், பிரவுசர் டேபை டிவிக்கு அனுப்பும்போதும் போவது திரை. கம்ப்யூட்டர், சுருக்கி வைத்திருக்கும் வீடியோவை விரித்துத் திரையில் வரைகிறது. வரைந்ததைப் பிடித்து மறுபடி சுருக்கி வைஃபையில் தள்ளுகிறது. டிவி அதைத் திரும்ப விரிக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். எந்தக் கட்டம் அதற்குள் முடியாவிட்டாலும் ஃபிரேம் விழும், அதாவது திரைக்கு வராமலே போய்விடும். பழைய லேப்டாப்புகள் மூச்சு வாங்குவது இங்கேதான். இரண்டாவது முறை சுருக்குவதால் படத்தின் தெளிவும் குறைகிறது.

ஃபைலையே அனுப்பினால் கதை வேறு. வீட்டு நெட்வொர்க்கில் ஃபைலைப் பகிரும் டிஎல்என்ஏ முறை, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி சர்வர் மென்பொருள், ஷேர் செய்த ஃபோல்டர், எதுவானாலும் சரி, விரிக்கிற வேலையை டிவியே பார்த்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் வெறும் கிடங்கு.

ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஃபைலின் வகை டிவிக்குப் பிடிபடவில்லை என்றால், சர்வர் மென்பொருள் சத்தமில்லாமல் அதை வேறு வகைக்கு மாற்றி அனுப்பத் தொடங்கிவிடும். பழையபடி சுமை கம்ப்யூட்டர் தலையில். நான் அடிக்கடி பார்க்கும் காரணம் சப்டைட்டில்! ப்ளூரேயிலிருந்து எடுத்த ஃபைல்களில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். டிவியின் ஆப் அதைத் தானாகக் காட்ட முடியாதபோது, ஒவ்வொரு ஃபிரேமிலும் அதை ஒட்டி முழு வீடியோவையும் மறுபடி சுருக்கியாக வேண்டும். சப்டைட்டிலை அணைத்ததும் திக்கல் நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம், எழுத்து வடிவ சப்டைட்டிலைத் தேடிப் போடுங்கள்.

பழைய டிவிகளில் இன்னொன்று: ஹெச்.264 என்பது வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை, டிவி எவ்வளவு கனமான வீடியோவை விரிக்கும் என்பதை அதன் லெவல் எண் சொல்லும். லெவல் 4.1 வரை மட்டும் எடுக்கும் டிவி, 1080பி 60 ஃபிரேமில் தடுமாறலாம். அதற்கு 4.2 வேண்டும்.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறுங்கள், முடிந்தால் லேன் கேபிள் போடுங்கள். பல டிவிகளில் லேன் போர்ட் 100 மெகாபிட்தான். 1080பி 60 ஃபிரேமுக்கு அதுவே தாராளம்.

சிலருக்கு எந்த ஸ்ட்ரீமிங்கும் சரிப்படாது. எஸ்விபி மாதிரி மென்பொருளால் 24 ஃபிரேம் படத்தை 60 ஆக்கிப் பார்க்கிறவர்கள் இந்த ரகம். அந்தக் கூடுதல் ஃபிரேம்கள் ஃபைலில் கிடையாது, ஓடும்போது கம்ப்யூட்டரில் உருவாகின்றன. ஃபைலை அனுப்பினால் டிவிக்குப் போவது பழைய 24-தான். இவர்களுக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் வழி.

கேபிள் போட்டும் திக்கினால் மவுஸ் அம்பைத் திரையில் வேகமாக வட்டமடித்துப் பாருங்கள். அம்பு விட்டு விட்டுத் தெரிந்தால், வெளியீடு 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 படத்தில், இருக்க வாய்ப்பு அதிகம். ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே-வுக்கு அதுதான் உச்சம், 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும். போர்ட் பழையது என்றால் 1080பி-க்கு இறக்கி 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். அசைவு அதிகமுள்ள வீடியோவுக்கு நான் தயங்காமல் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 2.0 போர்ட் இருந்தும் 60 வரவில்லையா? டிவியின் செட்டிங்கில் அந்த ஹெச்டிஎம்ஐ இன்புட்டுக்கான உயர்தர சிக்னல் வசதி அணைந்து கிடக்கும், பாருங்கள்.

சாதாரண சினிமா லேசாக இழுத்து இழுத்து நகர்வது வேறு விஷயம். 60-ஐ 24-ஆல் சரியாக வகுக்க முடியாததால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் வருகிறது. கம்ப்யூட்டர் வெளியீட்டை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போய்விடும். டிவியின் அசைவு மென்மையாக்கும் வசதியையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள், சில சமயம் திக்கலைக் கொண்டுவருவதே அதுதான்.

ஃபிரேம் எங்கே விழுகிறது என்று தெரியவில்லையா? கம்ப்யூட்டரில் எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் ஓடவிட்டு, கீபோர்டில் ஆங்கில ஐ எழுத்தைத் தட்டுங்கள். விழுந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை திரையிலேயே வரும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் கோளாறு கம்ப்யூட்டரில். ஏறாமலேயே டிவியில் திக்கினால், அனுப்பும் வழியிலோ டிவியின் செட்டிங்கிலோ தேடுங்கள்.