பல டொமைன், ஒரு சர்வர்: மெயில் லாகினில் எங்கே ஓட்டை விழுகிறது?

ஒரே சர்வரில் பல டொமைன்களுக்கு மெயில் அமைக்கும்போது முதல் சிக்கல் லாகின் பெயரில்தான் வரும். எல்லா நிறுவனத்துக்கும் 'இன்ஃபோ' (info@...) என்று ஒரு முகவரி வேண்டும். ஒவ்வொரு மெயில் பெட்டியையும் லினக்ஸ் யூசராகத் திறந்தால், சர்வர் முழுக்க ஒரே ஒரு 'இன்ஃபோ'தான் இருக்க முடியும். 'இன்ஃபோ2' என்று திறந்து சமாளிப்பவர்கள் உண்டு. அப்புறம் முகவரி ஒன்று, லாகின் பெயர் வேறொன்று. வாடிக்கையாளர் போன் மாற்றும்போதெல்லாம் நம்மைத்தான் கூப்பிடுவார்.

முழு முகவரியையே லாகின் பெயராக வைப்பதுதான் சரி. ஆனால் பெட்டியில் உள்ள மெயிலைப் படிக்கக் கொடுக்கும் மென்பொருளான டவ்காட்டில், லாகின் பெயரில் @ குறிக்குப் பிந்தைய பகுதியை வெட்டிவிடும் அமைப்பும் உண்டு. ஒற்றை டொமைனுக்கு எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டால், இரண்டு இன்ஃபோக்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஃபோல்டர் பாதையிலும் டொமைன் பெயர் இல்லையென்றால் ஒருவர் மெயில் இன்னொருவர் பெட்டியில் விழும். இரண்டு டொமைன்களில் ஒரே பெயரில், வேறு வேறு பாஸ்வேர்டுடன் கணக்கு திறந்து, ஒன்றுக்கு மட்டும் மெயில் அனுப்பிப் பாருங்கள். உடனே தெரிந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது அனுப்பும் பக்கம். மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக, லாகின் செய்தவர் யார் பெயரில் அனுப்புகிறார் என்று பார்ப்பதில்லை. ஒரு டொமைனின் பாஸ்வேர்டு திருடு போனால், பக்கத்து டொமைனின் முதலாளி பெயரிலேயே "இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்" என்று அனுப்பலாம். ஐபி ஒன்றே என்பதால், அந்த டொமைனுக்காக அனுப்ப அனுமதியுள்ள சர்வரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை தேறிவிடும். அனுப்புநர் டொமைனை மட்டும் பார்த்து டிகிம் கையெழுத்துப் (டொமைனின் பெயரில் மெயிலில் இடும் டிஜிட்டல் முத்திரை) போடும் சர்வர் என்றால் அதுவும் கிடைத்துவிடும். பெறுபவருக்கு அது அசல் மெயில்தான். எந்த லாகின் எந்த முகவரியில் அனுப்பலாம் என்ற பட்டியலைக் கொடுத்து, பொருந்தாததை மறுக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனை உறையில் உள்ள (அதாவது, அனுப்பும்போது சர்வருக்குச் சொல்லப்படும்) அனுப்புநரை மட்டுமே பார்க்கும்; மெயிலுக்குள் தெரியும் பெயரைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: ஒரே டொமைனை லோக்கல் பட்டியலிலும் (லினக்ஸ் யூசர்களுக்கு மெயில் போகும் டொமைன்கள்) விர்ச்சுவல் பட்டியலிலும் (லினக்ஸ் யூசர் இல்லாத பெட்டிகளுக்கான டொமைன்கள்) போடாதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் எச்சரிக்கும், யாரும் படிப்பதில்லை.

சர்வர் தன் பெயரை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் விஷயத்தில் எனக்குப் பிடித்த வழி, எல்லா வாடிக்கையாளருக்கும் சர்வரின் ஒரே பெயரைக் கொடுப்பது: மெயில் படிக்கும் ஐமேப்புக்கு போர்ட் 993, அனுப்ப 465 அல்லது 587. சொந்த டொமைன் பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், போஸ்ட்ஃபிக்ஸ் 3.4 முதல் பெயருக்கேற்ற சான்றிதழைக் காட்ட முடியும். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் "ஓகே கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.