ஆன்சர் சாங்: எதிர்ப்பாட்டா, எசப்பாட்டா?

ஒருவர் பாடி வெளியான பாட்டைக் கேட்டுவிட்டு, அதிலுள்ள சேதிக்கு மறுமொழியாக இன்னொருவர் பாடும் பாட்டை அமெரிக்க இசைத்தட்டு உலகில் ‘ஆன்சர் சாங்’ என்பார்கள். முதல் பாட்டையே தன் குரலில் திரும்பப் பாடினால் அது கவர். கிண்டலடித்தால் பகடி. ஆன்சர் சாங் இரண்டிலும் சேராது. முதல் பாட்டில் பேசியவரை நோக்கிப் பதில் வர வேண்டும். அந்தப் பாட்டு யாரைக் குற்றம் சொன்னதோ அவரே வாய் திறந்தால் இன்னும் நல்லது.

இதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் பலரும் முதலில் சொல்வது கிட்டி வெல்ஸ் 1952இல் பாடிய பாட்டை. கிட்டி வெல்ஸ் கன்ட்ரி பாடகி. (கன்ட்ரி என்பதை ‘நாட்டுப்புற இசை’ என்று பெயர்ப்பது சரியில்லை. அங்கே நாட்டுப்புறப் பாட்டுக்கு ஃபோக் என்று தனிப் பெயர் உண்டு. கன்ட்ரி என்பது வானொலியும் இசைத்தட்டும் சேர்ந்து வளர்த்த வணிக இசை. அதைக் கன்ட்ரி என்றே எழுதிவிடலாம்.)

கிட்டி வெல்ஸின் இயற்பெயர் எல்லன் மியூரியல் டீசன். 1919இல் நாஷ்வில்லில் பிறந்தவர். 1937இல் ஜானி ரைட் என்ற பாடகரை மணந்தார். ‘கிட்டி வெல்ஸ்’ என்ற மேடைப் பெயரைக் கணவர்தான் வைத்தார், ஒரு பழைய பாட்டிலிருந்து எடுத்து. ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1949 வாக்கில் சில பாட்டுகள் பதிவு செய்தார், விற்கவில்லை. 1952இல் அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். பாட்டை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தார்.

அந்த ஆண்டு ஹாங்க் தாம்ப்சன் பாடிய ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’ என்ற பாட்டு அமெரிக்காவெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. பில்போர்டு இதழின் கன்ட்ரி வரிசையில் 15 வாரம் முதலிடம். வீட்டை விட்டு, குடியும் ஆட்டமும், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக்பாக்ஸுமாக இருக்கும் ஹாங்கி டாங்க் கூடங்களுக்குப் போய்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி ஒருவன் புலம்புகிறான். ஹாங்கி டாங்க் தேவதைகளைக் கடவுளே படைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பது அவன் குறை. குற்றம் முழுக்க அவள்மேல்.

லூசியானா மாநிலத்தில் க்ரோலி என்ற ஊரில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்திவந்த ஜே. டி. மில்லர் இதற்கு ஒரு பதில் எழுதினார். டெக்கா நிறுவனத்தின் பால் கோஹன் அதைக் கிட்டி வெல்ஸிடம் கொண்டுவந்தார். அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை; பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலர் கூலிக்காக ஒத்துக்கொண்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1952 மே 3ஆம் தேதி நாஷ்வில் காஸில் ஸ்டூடியோவில் பதிவானது. பாட்டின் பெயரே பதில்தான்: ‘இட் வாஸ்ன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’. அதாவது, அவர்களைப் படைத்தது கடவுள் இல்லையப்பா.

பாட்டின் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஜூக்பாக்ஸில் ஹாங்க் தாம்ப்சனின் பாட்டு ஓடுகிறது. அதைக் கேட்டபடியே அவள் பேச ஆரம்பிக்கிறாள். எந்தப் பாட்டுக்குப் பதில் என்பதைப் பாட்டுக்குள்ளேயே சொல்லியாகிவிட்டது. அப்புறம் விஷயத்துக்கு வருகிறாள்: கல்யாணமான பிறகும் தனியாள் போலத் திரிகிற ஆண்களால்தான் எத்தனையோ நல்ல பெண்கள் கெட்டுப்போனார்கள். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் மூக்கொலி கலந்த நேரான பாடுமுறை. இந்தப் பாட்டுக்கு அந்தக் குரல் அமைந்தது பெரிய அதிர்ஷ்டம் என்பேன். சீறிப் பாடியிருந்தால் சண்டையாகப் போயிருக்கும். இவர் பாடும்போது வாக்குமூலமாக நிற்கிறது.

என்பிசி வானொலி இதை ஒலிபரப்பத் தயங்கியது. நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையிலும் முதலில் இதற்கு இடமில்லை. ஆண் புலம்பினால் பாட்டு, பெண் பதில் சொன்னால் ஆபாசம் என்ற கணக்கு. ஆனாலும் தட்டு விற்றது. கன்ட்ரி வரிசையில் ஆறு வாரம் முதலிடம். பில்போர்டு கன்ட்ரி வரிசையில் ஒரு பெண் தனியாகப் பாடி முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. பிறகு ஆப்ரியும் அவரைச் சேர்த்துக்கொண்டது. வெப் பியர்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் பாடிய ஒரு பாட்டுக்கும் 1953இல் அவர் பதில் பாடினார். 1976இல் கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2012இல் காலமானார்.

சரி, மெட்டுக்கு வருவோம். தாம்ப்சனின் பாட்டுக்கும் கிட்டி வெல்ஸின் பாட்டுக்கும் ஒரே மெட்டு. அதுவும் புது மெட்டு இல்லை. கார்ட்டர் குடும்பத்தார் 1929இல் பதிவு செய்த ஒரு காதல் பாட்டிலும், ராய் அக்கஃப் 1936இல் பாடிய ஒரு பக்திப் பாட்டிலும் இதே மெட்டுதான். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு என்பதால் பதில் உடனே காதில் ஒட்டிக்கொண்டது. எப்போதும் இப்படிச் சிக்கலில்லாமல் முடிவதில்லை. 1953இல் பிக் மாமா தார்ன்டன் பாடிய ‘ஹவுண்ட் டாக்’ பாட்டுக்கு மெம்ஃபிஸ் நகரின் சன் நிறுவனம் ‘பேர் கேட்’ என்று ருஃபஸ் தாமஸை வைத்து பதில் பாடவைத்தது. முதல் பாட்டின் உரிமைக்காரர் வழக்குப் போட்டார், சன் தோற்றது.

இப்போது தமிழ்ச் சொல். ‘பதில் பாட்டு’ யாருக்கும் புரியும், தப்பே இல்லை. ஆனால் சொல்லில் சாரம் கொஞ்சம் குறைவு. ‘எதிர்ப்பாட்டு’ நல்ல கட்டமைப்பு. மறுமொழியைப் பழந்தமிழில் ‘எதிர்மொழி’ என்பார்கள், அந்த வழியில் வருவது. சிக்கல் வேறு இடத்தில். போராட்ட மேடையில் பாடுவதை ‘எதிர்ப்புப் பாட்டு’ என்று எழுதுகிறோம். இரண்டு எழுத்து விட்டுப்போனால் இரண்டும் குழம்பிவிடும். ‘லாவணி’ என்று ஒன்று இருக்கிறது. மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்து, காமன் பண்டிகையில் ஊன்றிக்கொண்டது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று ஒரு கட்சியும் மாறி மாறிப் பாடுவார்கள். அது முடிவில்லாத தருக்கம்; ஆன்சர் சாங்கோ ஒரே பதிலில் முடிகிறது.

மிஞ்சுவது எசப்பாட்டு. இதைத்தான் நான் சரியான சொல் என்பேன். வயல் வேலையிலும் தெம்மாங்கிலும் ஒருவர் பாட, எதிரே இருப்பவர் அதே மெட்டில், சொன்ன சொல்லையே பிடித்துத் திருப்பிப் பாடுவது எசப்பாட்டு. பெரும்பாலும் ஆண் சீண்டுவான், பெண் மடக்குவாள். சொல்லின் பிறப்பும் எளிது: இலை எலையாகவும் இடம் எடமாகவும் ஆவது போல, பேச்சில் இசை ‘எச’ ஆகிறது. இசை என்றால் பாட்டு மட்டுமில்லை, பொருந்துதல் என்ற பொருளும் உண்டு. முதல் பாட்டோடு பொருந்தி வருவது எசப்பாட்டு. மெட்டைக் கடன் வாங்குவது, சொல்லைத் திருப்புவது, பெண் பக்கம் பேசுவது என்று கிட்டி வெல்ஸ் செய்த மூன்றும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘என்ன சொன்னாலும் எசப்பாட்டு பாடுறா’ என்று வீட்டில் திட்டும்போதுகூட அதே பொருள்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். எசப்பாட்டில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். பதில் அந்த இடத்திலேயே, யோசிக்க நேரமில்லாமல் வரும். இசைத்தட்டில் இடையே வாரங்களும் மாதங்களும் போகின்றன. எழுதுவது ஒருவர், பாடுவது ஒருவர், காசு போடுவது ஒரு கம்பெனி. கிட்டி வெல்ஸின் பதிலையும் ஓர் ஆண்தான் எழுதினார். எசப்பாட்டில் சொல்லும் அவளுடையதே.

மற்ற பாட்டுகளுக்கு இந்தச் சொல் எவ்வளவு தாங்கும்? ஜிம் ரீவ்ஸின் ‘ஹீ’ல் ஹேவ் டு கோ’வில் ஒருவன் காதலியிடம் போனில் கெஞ்சுகிறான்: உன்னோடு இருக்கும் அந்த ஆளைப் போகச் சொல். நமக்குக் கேட்பது போனின் ஒரு முனை மட்டும். 1960இல் ஜீன் பிளாக் மறுமுனையிலிருந்து பாடினார்: அவன் இங்கேதான் இருப்பான். மெட்டும் அதுவே. அப்பட்டமான எசப்பாட்டு. 1984இல் நியூயார்க்கில் ராக்சேன் ஷான்டே என்ற 14 வயதுப் பெண், தங்களைக் கண்டுகொள்ளாத ஒரு பெண்ணைப் பற்றி யுடிஎஃப்ஓ குழுவினர் பாடிய ராப்புக்கு அந்தப் பெண்ணாகவே பதில் சொன்னார். அதுவும் எசப்பாட்டே. ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களைக் கண்டித்து நீல் யங் பாடியதற்கு 1974இல் லினர்ட் ஸ்கினர்ட் குழு சொன்ன பதில் தனி மெட்டு, தனிப் பாட்டு. நீல் யங்கின் பெயரைச் சொல்லித் திட்டுவதோடு சரி. அங்கே ‘பதில் பாட்டு’ என்று எழுதினால் போதும்.