கிணற்றுக்குள் எத்தனை லீற்றர்?

அனர்த்த வேலைக்குப் போக வழி கேட்டு என்னிடம் வந்ததில், இந்த மாரிக்குள் இது மூன்றாவது பொடியன். பிளாஸ்ரிக் ஃபைலுக்குள் லமினேட் பண்ணிய சான்றிதழ், மூலையில் பொன்நிற முத்திரை, 'சர்வதேச அனர்த்த முகாமைத்துவ டிப்ளோமா'. மூன்று மாதப் படிப்பு, முழுக்க சூமில். கட்டணம் ஒன்றரை இலட்சம். இதைக் காட்டினால் யூ.என். வேலை, பிறகு வெளிநாடு என்று சொல்லியிருக்கிறார்கள். கூட வந்த தாயின் கை வெறுங்கையாக இருந்தது. காப்பு எங்கே என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி, உங்கட கிணறு பத்தடி விட்டம், ஆறடி தண்ணி நிக்குது எண்டு வையுங்கோ. வெள்ளம் வடிஞ்ச பிறகு குளோரின் போட வேணும். உள்ள எத்தினை லீற்றர்?"

"சேர், அனர்த்த முகாமைத்துவச் சக்கரத்தில நாலு கட்டம் இருக்கு..." என்று தொடங்கினார்.

பதின்மூவாயிரத்துச் சொச்சம் லீற்றர். என்னோடு வேலை செய்த ஒரு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அண்ணை கிணற்றுக் கட்டில் கையை ஊன்றி ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டே சொல்லிவிடுவார். அவரிடம் பொன்முத்திரை எதுவும் இல்லை.

அனர்த்த வேலை என்றவுடன் எல்லோருக்கும் கண்ணுக்குள் வருவது வள்ளம், கயிறு, செம்மஞ்சள் அங்கி. சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் தொண்டனாகத் தொடங்கிய நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே இருக்கிறது? மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். இங்கே வெள்ளம் அடித்துக்கொண்டு போவது குறைவு, தேங்கி நிற்பதுதான் அதிகம். குளத்தைத் தூர்த்து வீடு கட்டினோம், வாய்க்காலுக்குள் குப்பை போட்டோம். தண்ணீர் முழங்காலளவில் நாட்கணக்கில் நிற்கும். மலசலகூடக் குழி நிரம்பும், சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் அது கிணற்றுக்குப் போகும். மழை விட்ட பிறகுதான் எங்கள் வேலை கூடும். 2024 டிசம்பரில் இதே மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது, அதுவும் பெருமழைக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் வள்ளம் ஓட்டுபவரை யாரும் தேடவில்லை. வள்ளமும் சுழியோடியும் கடற்படையிடம் இருக்கின்றன, தேவையானால் வருவார்கள். போனைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் குதிக்கும் வீரர்களே, உங்களைத் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

வீட்டுக்குள் வெள்ளம் வந்து, ஒரு பாடசாலையில் இருநூறு பேர் வந்து தங்குகிறார்கள் என்று வையுங்கள். நிவாரண வேலைக்கு உலகம் முழுக்கப் பாவிக்கும் ஸ்பியர் நியமப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், ஆகமொத்தம் 3,000 லீற்றர். 20 பேருக்கு ஒரு மலசலகூடம், அப்படியென்றால் பத்து. பாடசாலையில் இருப்பது நாலு, அதில் ஒன்றின் திறப்பு அதிபரிடம், அதிபர் கொழும்பில். யாருக்கு இன்சுலின், எத்தனை கைக்குழந்தை, யார் நிறைமாதம் என்ற பட்டியலை இருட்டுவதற்குள் ஜி.எஸ்.ஸோடு (கிராம சேவகர்) சேர்ந்து எழுதி முடிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவம் என்பது முக்கால்வாசி இந்தப் பட்டியல்தான்.

அதனால் முதலில் ஒரு தொழிலைக் கையில் எடுங்கள். தாதி, பி.எச்.ஐ., சிவில் பொறியியல், புவியியலோடு ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட வேலை), கணக்கியல், களஞ்சியம் நடத்துவது, எதுவானாலும் சரி. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) மாவட்டப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இவை அரச நியமனங்கள், வர்த்தமானியையும் விளம்பரங்களையும் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவையில் அவசர மருத்துவப் பணியாளர்கள், மாநகரசபையில் தீயணைப்புப் படை, முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுபவர்கள் என்று வேறு வழிகளும் உண்டு. கண்ணிவெடி வேலையில் எத்தனையோ பெண்கள் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். சிங்களமும் படியுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கொழும்புக்குப் போனில் நிலைமை சொல்லத் தெரியாமல் திக்கியவன் சொல்கிறேன்.

யூ.என். ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை. வாங்குகிறவர் யூ.என். ஆள் இல்லை, அவ்வளவுதான். உள்ளூர்த் தொழிற்பயிற்சி நிறுவனம் என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, அந்தப் படிப்புக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டம் என்ன என்று கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் உரிமப் பத்திரத்தை வாங்கி, வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். 'சர்வதேச' என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம், பேக்கரிக்கும் அந்தப் பெயர் வைக்கிறார்கள்.

ஏ.எல். முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகள் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்சிலோ முதலுதவி பழகுங்கள். உங்கள் ஜி.எஸ்.ஸிடம் போய், கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அது கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் முழிப்பார், பரவாயில்லை.

அம்மாமாரே, காசு கட்டுவதற்கு முதல் அந்த விளம்பரத்தாளை ஒருக்கால் கொண்டுவந்து காட்டுங்கோ. நான் பார்ப்பதற்கு ஒரு சதமும் வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும்.