சாவியைக் கொடுத்தீர்கள், கையெழுத்தைக் கொடுத்தீர்களா?

“எல்லாவற்றையும் பையனிடம் கொடுத்துவிட்டேன் சார். நான் சும்மா வந்து உட்காருவதோடு சரி” என்றார் அந்தப் பெரியவர். சொல்லி முடிப்பதற்குள் கணக்கர் காசோலைப் புத்தகத்தோடு வந்து, மகனின் மேஜையைத் தாண்டி, இவர் முன்னால் அதை வைத்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாருக்கு, எதற்கு என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 42 வயது மகன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பல குடும்பங்களில், ஆடிட்டராக இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டேன். அப்பாவுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தான் கொடுத்துவிட்டதாகத்தான் அவர் மனதார நம்புகிறார். ஆனால் வேலையைக் கொடுப்பது வேறு, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பது வேறு. பணம் யார் கையெழுத்தில் வெளியே போகிறதோ, அவரைத்தான் ஊழியர்களும் சரக்கு கொடுப்பவர்களும் முதலாளியாகப் பார்ப்பார்கள். அதனால் வங்கிக் கையெழுத்தை முதலில் மாற்றுங்கள் என்பேன். ஒரேயடியாக விட மனமில்லையா, சரி, ஒரு தொகை வரை மகனோ மகளோ தனியாகப் போடட்டும், அதற்கு மேல் இருவரும் சேர்ந்து போடுங்கள். அந்த வரம்பை எப்போது உயர்த்துவது என்று தேதியையும் இப்போதே குறித்துவிடுங்கள்.

சட்டப் பக்கம் பலரும் சறுக்கும் இடங்கள் உண்டு. தனி ஒருவர் பெயரில் நடக்கும் தொழிலில் உரிமையாளரும் தொழிலும் பொதுவாகச் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். அவர் போய்விட்டால் வங்கிக் கணக்கு முடங்கும், ஊழியர் சம்பளமே நிற்கும். “பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேனே” என்பார்கள், தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தைச் சொல்லி. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் அது செல்லும். அப்புறம், வங்கிக் கடனுக்கு அப்பா போட்ட ஜாமீன். தொழிலையே பிள்ளை பெயருக்கு மாற்றினாலும், வங்கி எழுத்தில் விடுவிக்காதவரை அது அவர் தலைமேல்தான் நிற்கும்.

உயிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே அபசகுனம் என்று நினைக்கிறார்கள். திருபாய் அம்பானி 2002இல் காலமானபோது உயில் எழுதியிருக்கவில்லை. மகன்களுக்குள் மூண்ட பிணக்கு ஊரறிய வெளியே வந்து, 2005இல் தாயார் முன்னின்று தொழில்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய வீட்டிலேயே அந்த நிலை என்றால், உங்கள் பிள்ளைகள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். தொழிலில் உழைக்கும் பிள்ளைக்குச் சம்பளம் தனி, எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள பங்கு தனி. இரண்டையும் குழப்பினால் உழைத்தவருக்கும் மனக்கசப்பு, ஒதுங்கி நின்றவருக்கும் சந்தேகம்.

ஆனால் எந்தப் பத்திரத்திலும் வராத ஒன்று இருக்கிறது. அந்தப் பெரியவரின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. வாங்கிப் பார்த்தேன். நான்கைந்து பெயர், பக்கத்தில் தொகை, சிலவற்றின் மேல் சுழி. “சுழி என்றால் கேட்காமலே வந்துவிடும். இவரிடம் மட்டும் மாசக் கடைசியில் கேட்கக் கூடாது, கோபித்துக்கொள்வார்” என்று விளக்கினார். பக்கத்தில் நின்ற மகனுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. பதினைந்து வருடமாக அதே அலுவலகத்தில் இருப்பவர். யாருக்கு எவ்வளவு தவணை தரலாம், எந்தச் சரக்கை எப்போது வாங்கி வைக்க வேண்டும், வாய்ச் சொல்லில் யாரிடம் வாங்கிய கடன் பாக்கி, இதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் இல்லாத அந்தத் தொழிலை நானும் அன்றுதான் பார்த்தேன்.

இருவரையும் தினமும் மாலை அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன். அப்பா சொல்லச் சொல்ல மகன் எழுதிக்கொள்ள வேண்டும். இப்போது ஒரு பெரிய நோட்டு பாதி நிறைந்திருக்கிறது. கையெழுத்தும் கூட்டுக் கையெழுத்தாக மாறிவிட்டது. பழைய பெயர்கள் சிலவற்றுக்கு நேரே இன்னும் கேள்விக்குறிதான். பெரியவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று வாரம் ஒருமுறை போன் செய்து நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.