உங்கள் ஊர் ஏ.எம். வானொலியில் ராத்திரி யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவில் ஏ.எம். எனப்படும் மத்திய அலை வானொலி நிலையங்களின் டிரான்ஸ்மிட்டர்களைப் பராமரிப்பது என் தொழில். புயல் எச்சரிக்கை வந்தால் இங்குள்ள நண்பர்கள் பவர் பேங்கைத் தேடுவார்கள். பேட்டரி ரேடியோ ஒன்றும் வாங்கி வையுங்கள் என்றால், "அதுல இப்ப யாரு சார் பேசறா?" என்று சிரிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது, கொஞ்சம் சீரியஸாகக் கேட்டால்.

1960இல் லாஸ் ஏஞ்சலஸின் கேஏபிசி முழுநேரப் பேச்சு நிலையமானது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸின் கேஎம்ஓஎக்ஸ், நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. எழுபதுகளின் இறுதியில் இசை ரசிகர்கள் ஸ்டீரியோ எஃப்.எம். பக்கம் போய்விட்டார்கள். பாட்டுக்குப் பேர்போன நியூயார்க் டபிள்யூஏபிசியே 1982 மே மாதம் பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு மாறியது. சின்ன ஊர் நிலையங்களும் அதே வழியில் போயின. நகர மன்றச் சண்டை, பனியால் பள்ளி விடுமுறை, காணாமல் போன நாய் என்று எல்லாம் ஒலிபரப்பில் வந்தன. பேசியவரும் கேட்டவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

சர்ச்சையான விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற 1949ஆம் ஆண்டு விதியை, வானொலிகளை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. 1987இல் கைவிட்டது. அடுத்த ஆண்டே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து நாடெங்கும் போகத் தொடங்கியது. அரசியல் தாக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது கணக்குப் புத்தகத்தின் பக்கம். வெளியூர் நிகழ்ச்சியை செயற்கைக்கோளில் எடுத்துப் போட்டால் உள்ளூர்த் தொகுப்பாளரின் சம்பளம் மிச்சம். 1996இல் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பும் போனது. அப்புறம் நிகழ்ச்சிகளைத் தானாகவே ஓட்டும் கம்ப்யூட்டர் வந்தது. ராத்திரி ஷிப்டே தேவையில்லை என்று பல இடங்களில் முடிவானது.

2002 ஜனவரி 18 அதிகாலை, வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரருகே சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா வாயு பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அவசரகாலத்துக்கு என்று குறிக்கப்பட்ட வானொலி நிலையத்துக்குப் போலீஸ் போன் செய்தும் யாரும் கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ் சரியாக இயக்கவில்லை என்பது நிலையத்தின் தரப்பு. யார் சொல்வது சரி என்பது வேறு விஷயம். நச்சுவாயு சூழ்ந்தபோது ஊர்க்காரர்களுக்கு உரிய நேரத்தில் தகவல் போகவில்லை.

இதற்கு நேர்மாறாக, 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் ஒலிபரப்பை விடாமல் நடத்தியது. வீட்டில் சிக்கியவர்கள் போன் செய்ய, கேட்டுப் பதில் சொல்ல ஸ்டூடியோவில் ஆள் இருந்தார்கள். போட்டி நிறுவனமும் கைகோத்து ஒரே ஒலிபரப்பைத் தந்தது. டபிள்யூடபிள்யூஎல் 50,000 வாட் நிலையம்தான், ஆனால் வாட் மட்டும் இருந்து என்ன செய்வது?

ஆகவே ஒரு நாள் உங்கள் ஊர் நிலையத்துக்குப் போன் போடுங்கள். ராத்திரி ஆள் உண்டா, ஜெனரேட்டர் இருக்கிறதா, இந்த வட்டாரத்தின் அவசர எச்சரிக்கையை முதலில் தரும் நிலையம் எது என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால் நல்ல நிலையம்.

ரேடியோவை ராத்திரியில் சோதிப்பதும் முக்கியம். பொழுது சாய்ந்ததும் ஏ.எம். அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். தொலைவிலுள்ள நிலையங்களோடு மோதாமலிருக்கப் பல நிலையங்கள் சக்தியைக் குறைக்கவோ, அலை போகும் திசையை மாற்றவோ வேண்டும் என்பது விதி. பகலில் கணீரென்று கேட்ட நிலையம் இரவில் காணாமல் போவது இதனால்தான். கேட்கவில்லை என்றால் ரேடியோவை அப்படியே மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி ஆன்டெனா எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வாங்காது. கரகரப்புக்குப் பெரும்பாலும் வீட்டு எல்.இ.டி. விளக்கும் மலிவு சார்ஜருமே காரணம். கரண்ட் போனால் அந்தத் தொல்லையும் போய்விடும், அது ஒரு லாபம்!